அரை மாத்திரையும் மூன்று வாற்றும்

யாழ்ப்பாணத்து ஊர்ப் பெயர்களிற் பல 'வில்' என்று முடிவன. இணுவில், உடுவில், கொக்குவில், கோண்டாவில், மந்துவில், மிருசுவில் எனப் பட்டியல் நீளும். இந்த ஊர்களை ஒன்றிலிருந்து மற்றொன்றாகப் பிரித்துக் காட்டுவன பெயரின் முன்பகுதியிலுள்ள ஓரிரண்டு எழுத்துகளே. அந்த எழுத்துகள் காதில் விழாவிட்டால் எஞ்சுவது 'வில்' மட்டுந்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. என் தாயார் எழுபதைக் கடந்தவர். வானொலியில் மரண அறிவித்தல் கேட்பது அவரது நாளாந்தக் கடமைகளில் ஒன்று. 'பிறப்பிடமாகவும்', 'வதிவிடமாகவும்' என்ற சொற்கள் வந்ததும் கைவேலையை நிறுத்திவிடுவார். எம்மவர் அதனை வெறுஞ் செய்தியாகக் கேட்பதில்லை. போயாக வேண்டிய ஓர் அழைப்பாகவே கேட்பர். அந்த நாட்களில் நான் ஒரு புதிய ஸ்பீக்கர் தொகுதி வாங்கி வந்தேன். உயர்ந்த இரண்டு பெட்டிகள். அவற்றோடு அடித்தொனிக்கென்று தனியே ஒரு பெரிய பெட்டி. மூவாயிரம் வாற்று என்று மட்டையில் அச்சிட்டிருந்தது. கொண்டுவந்து மண்டபத்தின் மூலையில் வைத்து, வானொலியையும் அதனோடு பொருத்திவிட்டேன். வீடே அதிர்ந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாட்காலை அறிவித்தல் போயிற்று. அம்மாவுக்குக் கேட்டது '...விலைப் பிறப்பிடமாகவும்' என்பது மட்டுமே. ஊரின் முன்பாதியும் இறந்தவரின் பெயரும் அந்த முழக்கத்துள் அமிழ்ந்துபோயின. இறந்தவர், உடுவிலிலே அம்மாவோடு ஒரே வாங்கிலிருந்து படித்த தோழி. தகனம் முடிந்து மூன்றாம் நாளே எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அம்மாவால் எட்டுச் செலவுக்குத்தான் போக முடிந்தது. திரும்பி வந்து கதிரையில் இருந்தவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு வசனந்தான் சொன்னார்.

"தம்பி, உந்தப் பெட்டி சத்தம் போடுது, கதைக்குதில்லை."

இந்துக் கல்லூரியிலே ஆண்டுக்கணக்காகத் தமிழ் இலக்கணம் படிப்பித்துவரும் எனக்கு அந்த வசனம் ஒரு பாடமாயிற்று. சத்தத்துக்கும் பேச்சுக்கும் உள்ள வேறுபாட்டை நான் வகுப்பறையிலே நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தும், கடைக்குப் போனபோது மறந்துவிட்டேன். தொல்காப்பியர் எழுத்துகளுக்கு அளவு கூறுமிடத்து, குறிலுக்கு ஒரு மாத்திரையும், நெடிலுக்கு இரண்டு மாத்திரையும், மெய்க்கு அரை மாத்திரையும் வகுத்தார். மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், அல்லது கை நொடிக்கும் நேரம். அதிற் பாதிதான் மெய்யெழுத்தின் ஆயுள். ஆனால் இணுவிலையும் உடுவிலையும், கல்லையும் பல்லையும், தாயையும் வாயையும் வேறுபடுத்தித் தருவதில் அந்த அரை மாத்திரைக்காரருக்கே பெரும் பங்குண்டு.

இன்றைய ஒலியியலும் இதனையே வேறு மொழியிற் சொல்கிறது. பேச்சின் வலு பெரும்பாலும் உயிரொலிகளில் இருக்கிறது. அவை தாழ்ந்த, நடுத்தர மீடிறன்களில் ஒலிப்பவை. பொருளை வேறுபடுத்தும் மெய்யொலிகளோ குறுகியவை, மெலிந்தவை. ச, ட, த, ப போன்றவற்றின் அடையாளத்திற் பெரும்பகுதி ஏறத்தாழ 2000 ஹேர்ட்ஸுக்கு மேலே கிடக்கிறது. வயது ஏற ஏற மனிதச் செவி முதலில் இழப்பதும் அந்த உயர்ந்த பகுதியையே. அதற்கு மேலாக, உரத்த அடித்தொனியொன்று ஒலிக்கும்போது அது தனக்கு மேலுள்ள மெல்லொலிகளை மூடி மறைத்துவிடும். என் பெரிய பெட்டி அம்மாவுக்குச் செய்த கொடுமை இதுதான்.

ஆகவே நேயர்களே, வீட்டுக்கு ஸ்பீக்கர் தெரிவு செய்வது எப்படி என்ற வினாவை இன்று நான் கடைக்காரரின் பக்கத்திலிருந்து அல்லாமல் எங்கள் காதின் வரலாற்றிலிருந்து தொடங்க விரும்புகிறேன். குடாநாடு கடந்த நூறு ஆண்டுகளில் எவ்வெப் பெட்டிகளின் முன்னால் இருந்து கேட்டது? அவை ஒவ்வொன்றும் எமக்கு எதைக் கற்றுத் தந்தன?

மின்சாரமில்லாக் காலத்து யாழ்ப்பாணம் குரலாலே நிறைந்திருந்தது. கோயில்களிலே புராணபடனம் நடந்தது. ஒருவர் வாசிக்க மற்றொருவர் பயன் சொல்ல, மண்டபத்துத் தூணோரம் இருந்த கிழவிக்கும் அது விளங்கிற்று. கூத்து மேடைகளிலும் இசை நாடக மேடைகளிலும் பாடியோர் தம் தொண்டையை மட்டுமே நம்பினர். பின்னாளில் நடிகமணி வி. வி. வைரமுத்து போன்றோரிடம் நாம் வியந்த எடுப்பான குரல்வளம் அந்த மரபிலே வந்தது. கடைசி வரிசைக்குச் சொல் போய்ச் சேரவேண்டும் என்பதே அக்கலையின் முதல் நிபந்தனை. குரலை உயர்த்தினர், ஆனால் உச்சரிப்பைக் கைவிடவில்லை.

1877ஆம் ஆண்டு எடிசன் ஒலியைப் பதிந்து மீட்கும் கருவியை உருவாக்கினார். அதே ஆண்டிலேதான் கொழும்பில் ஆனந்த குமாரசுவாமி பிறந்தார். இந்த ஒற்றுமை தற்செயலானது, எனினும் சுவையானது. 1909இல் கொழும்பில் வெளியான தமது ஆங்கிலக் கட்டுரைத் தொகுதியொன்றிலே கிராமபோனைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார் அவர். இயந்திரம் உயிருள்ள கலைஞனின் இடத்தைப் பிடித்துவிடும் என்பது அவரது கவலை. அதற்குள் இசைத்தட்டு இந்தியாவுக்கு வந்துவிட்டது. 1902இல் கல்கத்தாவிலே கௌஹர் ஜானின் பாட்டு பதிவு செய்யப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்து வசதியுள்ள வீடுகளுக்கும் காலப்போக்கில் பாட்டுப்பெட்டி வந்து சேர்ந்தது. தட்டின் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டு. சாவி கொடுத்தால் சுழலும். மின்சாரம் ஒரு துளியும் வேண்டாம். ஊசியின் நுண்ணிய அதிர்வை வாய் அகன்ற ஊதுகுழல் வாங்கிக் கூடத்துக்கு வழங்கிற்று. அடித்தொனி இல்லை, ஆனால் சொல் இருந்தது. ஊதுகுழல் கற்பித்த பாடம் இது: ஒலி பரவுவதற்கு வலு மட்டும் போதாது, அந்த வலுவைக் காற்றோடு சேர்த்துவிடும் திறமையும் வேண்டும்.

1925ஆம் ஆண்டு இரண்டு வகையிலே எமக்கு முக்கியமானது. அமெரிக்காவில் ரைஸ், கெலொக் என்ற இரு பொறியியலாளர் காந்தத்தின் நடுவே அசையும் கம்பிச்சுருளையும் அதனோடு ஒட்டிய காகிதக் கூம்பையும் கொண்ட ஸ்பீக்கரை விளக்கி வெளியிட்டனர். இன்று எம் வீடுகளிலுள்ள பெட்டிகளுட் பெரும்பாலானவற்றின் உட்கரு அதுவே. அடுத்த ஆண்டில் அந்த வகை ஸ்பீக்கர் விற்பனைக்கு வந்தபோது அதனுள் இருந்த அம்பிளிபையரின் வலு ஒரே ஒரு வாற்று. அதே 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறைப்படி ஒலிபரப்பைத் தொடங்கிற்று. தந்தித் திணைக்களத்தைச் சேர்ந்த எட்வேர்ட் ஹார்ப்பர் அதற்கு முன்னரே பரிசோதனை ஒலிபரப்பை நடத்தியிருந்தார். பேசும் பெட்டியும் பேசும் நிலையமும் ஏறத்தாழ இரட்டைப் பிள்ளைகள்.

1949இல் அது இலங்கை வானொலியாயிற்று, 1950இல் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கிற்று, 1967இல் கூட்டுத்தாபனமாயிற்று. எஸ். பி. மயில்வாகனம் முதல் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் வரையிலான அறிவிப்பாளர்களின் தமிழ் கடல் கடந்து தமிழ்நாட்டிலும் கேட்டது. எழுபதுகளில் சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' ஒலிபரப்பான வேளையில் விறாந்தையிலே வீட்டாரோடு அயலவரும் வந்து குந்தியிருந்தனர். அக்காலத்து வால்வு றேடியோவை நினைத்துப் பாருங்கள். மரத்தாலான பெரிய பெட்டி, பின்புறம் திறந்தது, உள்ளே அகன்ற காகிதக் கூம்பு. அதன் வலு ஒரு சில வாற்றுக்கு மேற்போகாது. ஆயினும் நாடகத்தில் வரும் விம்மல்கூட விறாந்தையின் விளிம்பில் இருந்தவருக்குக் கேட்டது. வால்வுகள் தரும் வலு சிறிதென்பதை அறிந்த அன்றைய தயாரிப்பாளர்கள், சிறிய வலுவிலும் உரத்து ஒலிக்கும் ஸ்பீக்கரைச் செய்து பொருத்தினர்.

கோயில் ஒலிபெருக்கி அடுத்தது. பனையிலோ பூவரசிலோ கட்டிய உலோகக் கூம்பு கிராமபோன் ஊதுகுழலின் நேர் வாரிசு. திருவிழாக் காலையிலே பக்கத்து ஊருக்கும் செய்தி சொல்லும். ஆனால் ஏறத்தாழ 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே அதனால் அதிகம் பேச முடியாது. எங்கள் இணுவிலிலே தவிலும் நாதஸ்வரமும் மூச்சோடு கலந்தவை. தட்சிணாமூர்த்தியின் தவிலை நேரிற் கேட்ட முதியவர்கள், அதே மேளச் சமாவை வீதியிலிருந்து கூம்பு வழியாகக் கேட்டால் வலந்தலை மட்டும் ஒலிக்கும், தொப்பி காணாமற் போய்விடும் என்று சொல்வார்கள். கூம்பு தூரத்துக்கானது, வீட்டுக்கானதன்று. கருவியைக் குறை சொல்வதற்கு முன் அது எதற்காகச் செய்யப்பட்டது என்று கேட்கவேண்டும்.

ஸ்டீரியோ என்பது புதுமையான காலத்து விளையாட்டன்று. 1931இலேயே அலன் புளூம்லைன் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் இரு வழி ஒலிக்கு உரிமம் கோரி விண்ணப்பித்தார். இருப்பினும் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தது 1958 அளவிலேதான். அதற்குச் சற்று முன், 1954இல், அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் காற்றுப் புகாதபடி மூடிய சிறு பெட்டியிலிருந்தும் ஆழமான அடித்தொனியை எடுக்கலாம் என்று காட்டினார். புத்தகத் தட்டிலே வைக்கக்கூடிய ஸ்பீக்கர்களுக்கு அதுவே வழிகாட்டி. ஆனால் இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. பெட்டி சிறுத்து அடித்தொனி ஆழமாகும்போது, அதே அளவு சத்தத்துக்கு அதிக வாற்று தேவைப்பட்டது. வாற்றுக் கணக்குப் பெருகத் தொடங்கியதற்கு இது ஒரு காரணம்.

1977இல் இலங்கையிலே இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. கசெற் றெக்கோடர்கள் குடாநாட்டு வீடுகளுக்கு வந்தன. பட்டணத்திலே விரும்பிய பாடல்களைப் பதிந்து கொடுக்கும் றெக்கோடிங் பார்கள் தோன்றின. இரட்டை ஸ்பீக்கர் வைத்த பெட்டியைத் தோளிற் சுமந்த இளைஞர்களை எண்பதுகளின் தொடக்கத்தில் வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பெருமிதம் நெடுநாள் நீடிக்கவில்லை.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் எரிபொருளோடு பற்றறியும் அடங்கிற்று. 1992இல் எனக்குப் பத்து வயது. எங்கள் முற்றத்தில் ஒவ்வோர் இரவும் ஒரு சைக்கிள் தலைகீழாக நிற்கும். அதன் பின்சில்லோடு டைனமோ உரசும். பெடலைக் கையாற் சுற்றுவது என் வேலை. டைனமோ தரும் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கச் சில டயோட்டுகளையும் ஒரு கொள்ளளவியையும் ஐயா பொருத்தியிருந்தார். இரவு ஒன்பதே காலுக்கு லண்டனிலிருந்து தமிழோசை வரும். 1941இல் தொடங்கிய அந்தச் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30உடன் நின்றுவிட்டது. அன்றோ அது எங்களுக்கு உயிர்ச்செய்தி. எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை மூடப்பட்டது, பேச்சுவார்த்தை வருமா என்பதையெல்லாம் அந்தச் சிறிய பெட்டிதான் சொன்னது. அயலவர் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றியிருப்பர். என் கை தளர்ந்தால் குரல் மங்கும். "தம்பி, ஒரே சீராச் சுத்து" என்பார் ஐயா. கசெற் போட்ட நாட்களிலோ என் கை தளர்ந்ததும் பாடகரே தூங்கி வழிவார்.

சைக்கிள் டைனமோவின் வலு எவ்வளவு தெரியுமா? 6 வோற்று, 3 வாற்று. அதிலும் ஒரு சிறு பங்குதான் ஸ்பீக்கருக்குப் போயிருக்கும். பன்னிரண்டு பேர், திறந்த முற்றம், மூன்று வாற்று. ஒரு சொல்கூடத் தவறவில்லை. யாரும் கதைக்கவில்லை; யாரும் இருமக்கூட இல்லை. கேட்பவரின் அமைதியும் ஒலித்தொகுதியின் ஓர் உறுப்பு என்பதை நான் அங்கேதான் அறிந்தேன். வள்ளுவர் கேள்வி என்று ஓர் அதிகாரமே வைத்ததன் பொருள் எனக்கு முற்றத்திலே விளங்கிற்று.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, எண்பதுகளில் ஆசையாக வாங்கிய பெரிய பெட்டிகளைப் பலரும் விட்டுவிட்டே தென்மராட்சிக்கு நடந்தனர். எங்கள் சைக்கிளின் கைபிடியிலே தொங்கிக்கொண்டு வந்தது அந்தச் சிறிய றேடியோ மட்டுமே. மக்கள் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பதும் ஒரு வகைத் தரச் சோதனைதான்.

2002இலும், பின்னர் 2009இலும் ஏ-9 பாதை திறந்தபோது கடைகள் நிறைந்தன. வெளிநாட்டுச் சகோதரங்கள் அனுப்பிய காசிலே பெட்டிகள் பெருத்தன. மூன்று வாற்றிலிருந்து மூவாயிரம் வாற்றுக்கு வந்தோம். அம்மாவுக்கு ஊர்ப் பெயர் கேட்கவில்லை. இந்த இடத்தில் வரலாற்றை நிறுத்திவிட்டு, அது தரும் புத்திமதிக்கு வருகிறேன்.

முதலாவது, வாற்று என்ற எண்ணைக் கண்டு மயங்காதீர்கள். மட்டையில் பெரிதாக அச்சிடும் பி.எம்.பி.ஓ. எண் கணப்பொழுதின் உச்சத்தைக் கற்பனையாகப் பெருக்கிக் காட்டுவது. அதனை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்த முடியாது. ஆர்.எம்.எஸ். என்ற எண்ணைக் கேளுங்கள். அதைவிடவும் முக்கியமானது உணர்திறன். ஒரு வாற்று கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபெல் வருகிறது என்பதே அது. வீட்டு ஸ்பீக்கர்களுக்கு இது பெரும்பாலும் 84 முதல் 92 வரை இருக்கும். 3 டெசிபெல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இருமடங்கு வாற்று வேண்டும். 87 உள்ள பெட்டிக்கு 40 வாற்று கொடுத்துப் பெறுவதை 90 உள்ள பெட்டி 20 வாற்றிலே தந்துவிடும். காதுக்கு இருமடங்கு உரப்பாகத் தோன்றவோ ஏறத்தாழப் பத்து மடங்கு வாற்று தேவை. சாதாரண வீட்டுக் கூடத்திலே பேச்சும் பாட்டும் கேட்க ஓரிரண்டு வாற்றே பெரும்பாலும் செலவாகிறது.

இரண்டாவது, பொருத்தம். ஸ்பீக்கரின் பின்னால் 4, 6, 8 ஓம் என்று எழுதியிருக்கும். அம்பிளிபையர் எத்தனை ஓமுக்கு ஏற்றது என்று பார்த்தே வாங்கவேண்டும். 8 ஓமுக்கு மட்டும் செய்த அம்பிளிபையரில் 4 ஓம் பெட்டியைக் கொளுவினால் அது சூடேறிப் பழுதாகலாம். சிறிய அம்பிளிபையரை முழுதாகத் திருகி அலறவிடுவதும் ஆபத்து. அலைகள் தலை வெட்டுண்டு, உயர்தொனி தரும் சிறு ஸ்பீக்கர் எரிந்துபோகும். வலு குறைந்ததால் எரிந்தது என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை.

மூன்றாவது, எங்கள் காலநிலை. கூம்பின் விளிம்பிலுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். அது நுரைப்பஞ்சாயின் எங்கள் வெப்பத்திலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். றப்பர் வளையம் நெடுங்காலம் நிற்கும். பழைய பெட்டி வாங்குவோர் முதலிற் பார்க்கவேண்டிய இடம் இதுவே. பெட்டி மரத்தூள் பலகையில் செய்ததாயின் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நிலத்தின் ஈரம் ஏறி ஊதிவிடும். நிலத்தில் வைக்காமல் ஒரு சிறு தாங்கியில் வையுங்கள்.

நான்காவது, அறை. சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. மானிப்பாய் இந்துக் கல்லூரியிலே தலைமை ஏற்றவர். 1947இல் வெளிவந்த அவரது 'யாழ் நூல்' சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை அடித்தளமாகக் கொண்டது. காதுக்கு இனிமையையும் எண்ணுக்குக் கணக்கையும் ஒருங்கே மதித்தவர் அவர். அந்தக் காதையிலேதான் ஆடரங்கின் அளவும் வருகிறது: அகலம் 7 கோல், நீளம் 8 கோல். ஏன் அப்படி வகுத்தார்கள் என்பதற்கு நான் உரை கூற வரவில்லை. ஆனால் நீளமும் அகலமும் உயரமும் ஒன்றாக அமைந்த அறையிலே குறிப்பிட்ட சில தாழ்ந்த தொனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முழங்கும் என்பது இன்றைய பௌதிகம். எங்கள் பழைய நாற்சார் வீட்டில் நடுமுற்றம் திறந்திருந்தது. மிஞ்சிய ஒலி வானத்துக்குப் போயிற்று. கிடுகு வேலியும் பாயும் மிச்சத்தை உறிஞ்சின. இன்றைய வீட்டிலோ கொங்கிறீற் கூரை, பளிங்குபோன்ற தரை, வெறுஞ் சுவர். ஒரு சொல் சொன்னால் நாலாகத் திரும்பி வரும். புதுப் பெட்டி வாங்க முன்னர் ஒரு தடித்த திரைச்சீலையும், தரையில் ஒரு பாயும், சுவரோரம் ஒரு புத்தக அலுமாரியும் வைத்துப் பாருங்கள். புத்தகம் வாசிக்கப்படாவிட்டாலும் எதிரொலியையாவது சிதறடிக்கும்.

ஐந்தாவது, வைக்கும் முறை. மூலை அடித்தொனியை வீங்கச் செய்யும். ஆதலால் மூலையை விட்டு வெளியே எடுங்கள். இரு பெட்டிகளுக்கும் இடையிலுள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் கதிரைக்குள்ள தூரமும் ஏறத்தாழச் சமமாக இருக்கட்டும். உயர்தொனிச் ஸ்பீக்கர் உங்கள் காதின் மட்டத்துக்கு வரட்டும். சிவப்பு வயர் சிவப்புக்கும் கறுப்பு கறுப்புக்கும் போகவேண்டும். ஒரு பெட்டியில் மட்டும் மாறிக் கொளுவினால் அடித்தொனி மெலிந்து, பாடகர் நடுவில் நிற்காமல் எங்கோ அலைவார். வயருக்கென்று பெருந்தொகை செலவிட வேண்டியதில்லை. போதிய தடிப்புள்ள சாதாரணச் செப்பு வயர் போதும்.

இனி, உள்ளதை மேம்படுத்த நினைப்போருக்கு ஒழுங்கு இதுதான்: முதலில் இடத்தை மாற்றுங்கள், பிறகு அறையைத் திருத்துங்கள், அதற்குப் பின்னும் குறை தெரிந்தால் ஸ்பீக்கரை மாற்றுங்கள், அம்பிளிபையர் கடைசி. பெரும்பாலோர் இதனைத் தலைகீழாகச் செய்து காசை இழக்கின்றனர். அடித்தொனிப் பெட்டி வேண்டுமென்றால் வாங்குங்கள். ஆனால் அது தனியே ஒலிக்கிறது என்று தெரியாத அளவுக்கு அதன் சத்தத்தைக் குறைத்து வையுங்கள்.

கடையிலே சோதிப்பதற்கு, அவர்கள் போடும் அதிரடிப் பாட்டை ஏற்காதீர்கள். நீங்கள் நன்கறிந்த மூன்றைக் கொண்டுபோங்கள். ஒன்று, செய்தி வாசிக்கும் குரல். இரண்டு, அளவெட்டி என். கே. பத்மநாதனைப் போன்ற ஒருவரின் நாதஸ்வரம். அது கிறீச்சிட்டாற் பெட்டியின் உயர்தொனி சரியில்லை. மூன்று, தவில். வலந்தலையில் விரற்கூடு படும் வெடிப்பும், தொப்பியிற் கழி விழும் ஆழமும் தனித்தனியே கேட்கவேண்டும். இரண்டும் ஒரே முழக்கமாகக் குழைந்தால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள். மூன்றையும் குறைந்த சத்தத்திலே கேளுங்கள். உரத்த சத்தத்தில் எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டியாகத்தான் தோன்றும். வாரத்தில் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபெல் என்பதே காதுக்குப் பாதுகாப்பான எல்லையென உலக சுகாதார நிறுவனமும் கூறுகிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி அனுமதியைக் கட்டுப்படுத்தி இலங்கை உயர் நீதிமன்றம் 2007இல் தீர்ப்பு வழங்கியதையும் நினைவிற் கொள்க. அடுத்த வீட்டுக்காரருக்கும் காது உண்டு.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பெரிய பெட்டியை மூலையிலிருந்து இழுத்து, அதன் சத்தத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தேன். மண்டபத்துக்குத் திரைச்சீலை போட்டேன். அதுவும் போதாமற்போக, அடுத்த ஆண்டு அந்தத் தொகுதியையே கொடுத்துவிட்டு, புத்தகத் தட்டில் வைக்கும் சிறிய சோடியொன்றை வாங்கினேன். மட்டையிலே 25 வாற்று என்றுதான் போட்டிருந்தது. அதனை வாங்கப் போனபோது அம்மாவையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு செய்திக் குரலைக் கேட்டார். பிறகு எனக்கு முன்னமே எழுந்துவிட்டார்.

"இது காணும். இது கதைக்குது."

நேயர்களே, நீங்களும் ஸ்பீக்கர் வாங்கப் போகும்போது வீட்டிலே மூத்தவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒரு மெய்யெழுத்தின் அரை மாத்திரை அவர் காதுக்குப் போய்ச் சேருமாயின், மற்றெல்லோருக்கும் அது கேட்கும்.